மகள் கூடைப்பந்துப் பயிற்சியாளராக விரும்புகிறாள்: சம்மதிக்கலாமா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் வசிக்கிறோம். மகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். வயது 22. டிவிஷன் மூன்றில் (கல்லூரி விளையாட்டின் மூன்று நிலைகளில் கடைசி) உள்ள சிறிய கல்லூரி ஒன்றில் உயிரியல் கடைசி ஆண்டு படிக்கிறாள். கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணியில் பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டாக ஆடுகிறாள். நான்கு ஆண்டுகளில் இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். மருத்துவத் துணையாளர் படிப்புக்குப் போவாள் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தபோது, வேறு மாநிலத்தில் ஒரு டிவிஷன் இரண்டு கல்லூரி, பெண்கள் அணிக்குப் பட்டமேற்படிப்பு உதவிப் பயிற்சியாளராக வரும்படி அழைத்திருக்கிறது. முதுகலைப் படிப்பு இலவசம், கையில் கொஞ்சம் உதவித்தொகை. இரண்டு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். கணவர் ‘இது ஒரு வேலையா?’ என்று கேட்கிறார். நட்சத்திர வீராங்கனையாக இல்லாதவளை யார் பயிற்சியாளராக மதிப்பார்கள்? நிலையான வருமானம் வருமா? கல்யாணம், குழந்தை என்று ஒரு வாழ்க்கை அமையுமா? நான் விளையாட்டு தெரியாதவள். உண்மையைச் சொல்லுங்கள்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கல்லூரிப் பெண்கள் அணிகளில் உதவிப் பயிற்சியாளராக வேலை பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மகள் இந்த அழைப்பை ஏற்கலாம் என்பதே என் எண்ணம். ஆனால் அதை முடிவு செய்ய நீங்கள் பார்க்கும் இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். கல்லூரியின் பெயரையும் டிவிஷன் எண்ணையும் உதவித்தொகையையும் எடை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இந்தத் தொழிலில் முதல் ஐந்தாறு ஆண்டுகளைத் தீர்மானிப்பது வேறொன்று. அவள் எந்தத் தலைமைப் பயிற்சியாளரிடம் போய்ச் சேருகிறாள்? அந்த மனிதர் யார், தன் உதவியாளர்களை எப்படி நடத்துகிறார்? இதைத் தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

முதலில் உங்கள் கணவருக்காக. இது வேலைதான். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் முதல் டிவிஷனில் மட்டும் 350க்கும் மேற்பட்ட பெண்கள் கூடைப்பந்து அணிகள் இருக்கின்றன. இரண்டாம், மூன்றாம் டிவிஷன்களையும் இரண்டாண்டுக் கல்லூரிகளையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். பெரும்பாலான அணிகளில் தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே ஒருவரேனும் இருப்பார், பெரிய அணிகளில் பலர் இருப்பார்கள். முதல் டிவிஷனில் முன்பு மூன்று உதவிப் பயிற்சியாளர்களுக்குத்தான் அனுமதி. 2023 முதல் இன்னும் இருவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதியை மாற்றினார்கள். அந்த இருவர் களத்தில் பயிற்சி கொடுக்கலாம், வெளியூர் சென்று வீராங்கனைகளைத் தேட மட்டும் கூடாது என்று அப்போது விதித்தார்கள். இளைய பயிற்சியாளர்களுக்கு அந்த மாற்றம் பெரிய கதவைத் திறந்துவிட்டது.

இந்த அழைப்பில் உங்கள் குடும்பத்துக்கு நஷ்டம் குறைவு. முதுகலைப் பட்டம் செலவில்லாமல் கிடைக்கிறது. அமெரிக்காவில் பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டில் பிள்ளைகள் 26 வயதுவரை இருக்கலாம் என்பதால் அந்தக் கவலையும் இல்லை. இரண்டு ஆண்டு முடியும்போது அவளுக்கு 24 வயது. அப்போது மனம் மாறினால் மருத்துவத் துணையாளர் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்தப் படிப்புகள் பலவற்றில் வேதியியல், உடற்கூறு போன்ற முன்தகுதிப் பாடங்களை ஐந்து அல்லது ஏழு ஆண்டுகளுக்குள் படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. அவள் எந்த ஆண்டு எதைப் படித்தாள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். அந்தக் கதவு எப்போது மூடும் என்று தெரிந்திருந்தால் நிம்மதியாக வேலை பார்க்கலாம்.

அடுத்து, அவள் அங்கே என்ன செய்வாள் என்று சொல்கிறேன். விளையாட்டு தெரியாதவள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தொலைக்காட்சியில் ஆட்டம் பார்ப்பவர்களுக்கு உதவிப் பயிற்சியாளர் என்றால் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டுபவர் என்று தோன்றும். உண்மையான வேலை ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்பே தொடங்கிவிடுகிறது. நாங்கள் இதை ‘ஸ்கவுட்’ என்போம். பருவத்தின் ஆட்டங்களை உதவியாளர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள். இந்த எதிரணி உனக்கு, அடுத்தது எனக்கு. எனக்கு வந்த அணியின் கடைசி நான்கைந்து ஆட்டங்களைக் கணினியில் போட்டுப் பார்ப்பேன். முதல் முறை எதையும் எழுதமாட்டேன், சும்மா பார்ப்பேன். இரண்டாம் முறை வெட்டத் தொடங்குவேன். எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து பந்து உள்ளே வரும் ஒவ்வொரு தருணத்தையும் தனியே எடுத்து வைப்பேன். அவர்களுடைய பாயிண்ட் கார்டு வலப்பக்கம் பந்தைத் தட்டிக்கொண்டு போனால் கூடைவரை போகிறாள். இடப்பக்கம் திருப்பிவிட்டால் இரண்டே தட்டில் நின்று எறிந்துவிடுகிறாள். அவர்களின் பயிற்சியாளர் முஷ்டியை உயர்த்திக் காட்டினால் உயரமான வீராங்கனை மேலே வந்து ஸ்கிரீன் போடுகிறாள், அதாவது தடுப்பவளின் வழியை மறித்து நிற்கிறாள். ஆனால் ஸ்கிரீன் போடுவதற்கு முன்பே அவள் தோள் கூடைப்பக்கம் திரும்பியிருந்தால், அது ஏமாற்று, நேரே உள்ளே ஓடப்போகிறாள். இந்தத் தோள் விஷயம் மூன்றாவது ஆட்டத்தில்தான் கண்ணில் படும். அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும், பக்கத்து அறையில் துவைக்கும் இயந்திரத்தில் அணியின் பயிற்சி உடைகள் சுற்றிக்கொண்டிருக்கும். பட்டமேற்படிப்பு உதவியாளர் என்றால் அந்தத் துணியும் அவள் பொறுப்புதான்.

இத்தனையும் பார்த்தபிறகு, வீராங்கனைகளிடம் பேசக் கிடைப்பது எட்டுப் பத்து நிமிடம். வீராங்கனைகளின் பயிற்சி நேரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு: பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு. அதற்குள் எடைப் பயிற்சி, காணொளி, களப் பயிற்சி எல்லாம் அடங்க வேண்டும். ஆகவே மூன்றே விஷயம் சொல்ல வேண்டும். கையில் இருக்கும் முப்பது விஷயங்களிலிருந்து அந்த மூன்றைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஓர் உதவிப் பயிற்சியாளரின் அறிவு தெரியும். எல்லாவற்றையும் கொட்டுகிறவர் நல்ல உழைப்பாளியாக இருக்கலாம். ஆட்டத்தன்று பெண்கள் தலையில் ஒன்றும் நிற்காது.

பிறகு களத்தில் அதை ஆடிக் காட்ட வேண்டும். பல கல்லூரிகளில் பெண்கள் அணிக்கு எதிராகப் பயிற்சியில் ஆடுவது ஆண் மாணவர்கள். சம்பளம் கிடையாது, பெரும்பாலும் ஒரு சட்டையும் காலணியும்தான் கிடைக்கும். கூடைப்பந்து மீதுள்ள ஆசையால் வருகிறவர்கள். அந்தப் பையன்களுக்கு ‘நீ இன்றைக்கு அந்தப் பாயிண்ட் கார்டு, இடப்பக்கம் போனால் நின்று எறி’ என்று பாத்திரம் பிரித்துக் கொடுத்து, அவர்களை எதிரணியாக மாற்றி நிறுத்துவதும் உதவியாளரின் வேலை. சனிக்கிழமை ஆட்டத்தில் அந்த முஷ்டி உயரும்போது பெஞ்சிலிருந்து நான் குரல் கொடுப்பேன். எங்கள் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டடி பின்னால் நகர்ந்து அந்தப் பந்தைப் பறித்துவிடுவாள். அரங்கத்தில் யாருக்கும் அது என் வேலை என்று தெரியாது. அந்தப் பெண்ணுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இந்த மகிழ்ச்சி போதும் என்று இருப்பவர்கள்தான் இந்தத் தொழிலில் நிலைக்கிறார்கள். உங்கள் மகள் அப்படிப்பட்டவளா என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். பெஞ்சில் உட்கார்ந்த அந்த இரண்டு ஆண்டுகளில் வீட்டுக்கு வந்து என்ன பேசினாள் என்று நினைத்துப் பாருங்கள். தன்னை ஆடவிடவில்லை என்று மட்டும் பேசினாளா, ஆட்டம் ஏன் கைவிட்டுப் போனது என்றும் பேசினாளா?

நட்சத்திரமாக இல்லாதவளை யார் மதிப்பார்கள் என்ற கேள்விக்கு உங்கள் ஊரிலேயே விடை இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு அணியை மூன்று முறை தேசியச் சாம்பியனாக்கிய டாரா வான்டர்வீர், 1970களின் நடுவில் கொலம்பஸில் உள்ள ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கினார். முதுகலை மாணவி, சம்பளமில்லாத உதவியாளர். அதற்கு முன் இண்டியானாவில் மாணவியாக இருந்தபோது ஆண்கள் அணியின் பயிற்சிகளுக்குப் போய் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர். 2024இல் 1,216 வெற்றிகளுடன் ஓய்வுபெற்றார். கனெக்டிகட் பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மா ஏழு வயதில் இத்தாலியிலிருந்து ஆங்கிலம் தெரியாமல் வந்த குடியேறிகளின் பிள்ளை. பெரிய கல்லூரி எதிலும் ஆடியவர் இல்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டெபி ரயனிடம் உதவியாளராக இருந்துதான் 1985இல் கனெக்டிகட்டுக்குப் போனார். லிண்ட்சே காட்லிப் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஆடியவர், கூடைப்பந்துக்குப் பேர்போன இடமன்று. சிராக்யூஸ், நியூ ஹாம்ப்ஷயர், ரிச்மண்ட் என்று ஊர் ஊராக உதவியாளராகச் சுற்றினார். 2013இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைத் தேசிய அரையிறுதிக்குக் கொண்டுபோனார். 2019இல் கிளீவ்லண்ட் ஆண்கள் தொழில்முறை அணி அவரை உதவிப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது. நன்றாக ஆடியவர்களுக்கு முதல் நேர்காணல் சுலபமாகக் கிடைக்கும், உண்மைதான். அதற்குப் பிறகு யார் என்ன கற்றுக்கொடுத்தார் என்பதையே பார்க்கிறார்கள்.

இப்போது நான் முதலில் சொன்னதற்கு வருகிறேன். யாரிடம் சேர்கிறாள்?

ஐயோவா பல்கலைக்கழகத்தின் பெண் பயிற்சியாளர் ஜான் ஜென்சனை எடுத்துக்கொள்ளுங்கள். டிரேக் பல்கலைக்கழகத்தில் லிசா புளூடரின் அணியில் ஆடி, 1991இல் நாட்டிலேயே அதிகச் சராசரிப் புள்ளி எடுத்தவர். பிறகு அதே புளூடருக்கு உதவியாளரானார். 2000இல் புளூடர் ஐயோவாவுக்குப் போனபோது கூடவே போனார். கூடைக்கு அருகில் ஆடும் உயரமான வீராங்கனைகளைப் பழக்குவது அவர் பொறுப்பு. அவர் கையில் வளர்ந்த மேகன் குஸ்தாஃப்சன் 2019இல் ஆண்டின் சிறந்த வீராங்கனை ஆனார். நட்சத்திர வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் ஆடிய காலத்தில் அந்த அணி 2023, 2024 இரண்டு ஆண்டும் இறுதிப்போட்டிக்குப் போனது. 2024இல் புளூடர் ஓய்வுபெற்றதும் ஜென்சன் தலைமைப் பயிற்சியாளரானார். ஒரே ஆளிடம் முப்பது ஆண்டுகளை ஒட்டிய உறவு. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் வான்டர்வீருக்குப் பின் வந்தவர் கேட் பே. அவரும் அந்த அணியில் ஆடியவர், 2007 முதல் அங்கே உதவியாளர். இடையில் அதே பல்கலைக்கழகத்தில் சட்டமும் வணிக நிர்வாகமும் படித்துப் பட்டம் வாங்கியவர் என்பதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

கனெக்டிகட்டின் கிரிஸ் டெய்லி இன்னொரு விதம். 1985இல் ஆரியெம்மாவுடன் வந்தவர் இன்றும் அவர் பக்கத்திலேயே இருக்கிறார். 12 தேசியச் சாம்பியன் பட்டங்களிலும் அவருக்குப் பங்கு உண்டு. 2018இல் பெண்கள் கூடைப்பந்துப் புகழ்மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். தலைமைப் பயிற்சியாளர் ஆகவில்லையே என்று அவரை யாரும் பரிதாபமாகப் பார்ப்பதில்லை. உதவிப் பயிற்சியாளர் பதவியை மேலே ஏறுவதற்கான படியாக மட்டுமே நினைக்கும் இளைஞர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அது தனக்கென்று ஒரு நுட்பம் உள்ள வேலை. அதிலேயே ஆயுளைக் கழித்துப் பெருமையோடு வாழலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உதவிப் பயிற்சியாளரின் வேலை பெரும்பாலும் தலைமைப் பயிற்சியாளரின் வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. மார்ச் மாதம் அணி தோற்றுத் தலைமைப் பயிற்சியாளரை அனுப்பிவிட்டால், புதிதாக வருகிறவர் தன் ஆட்களோடு வருவார். பழைய உதவியாளர்கள் மே, ஜூன் சம்பளத்தோடு பெட்டி கட்ட வேண்டியதுதான். நீங்கள் நன்றாக வேலை செய்தீர்களா என்று யாரும் கேட்கமாட்டார்கள். எனக்குத் தெரிந்த மிகத் திறமையான ஒரு பெண், வீடு வாங்கிய ஆண்டே இப்படி வெளியே வந்தாள். ஆறு வாரத்துக்குள் வேறு மாநிலத்தில் வேலை கிடைத்தது. எப்படி என்றால், வேலையிழந்த அவளுடைய தலைமைப் பயிற்சியாளர், தனக்கு வேலை தேடுவதற்கு முன் தன் உதவியாளர்கள் மூவருக்காகவும் தொலைபேசியில் உட்கார்ந்தார். அதே நிலையில் கைகழுவிவிட்டுப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். நிலையான வேலை என்று இந்தத் தொழிலில் ஒன்றும் கிடையாது. உங்களுக்காக எழுந்து நிற்கும் மனிதர்கள்தான் பாதுகாப்பு.

அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவரிடம் முன்பு இதே வேலையில் இருந்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று மகள் விசாரிக்கட்டும். கல்லூரி இணையதளங்களில் பயிற்சியாளர்களின் விவரங்கள் ஆண்டுவாரியாகக் கிடைக்கும், பெயர் கண்டுபிடிப்பது கடினமன்று. இருவரையாவது அழைத்துப் பேசட்டும். ‘நல்லவரா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘ஆமாம்’ என்றுதான் சொல்வார்கள். ‘உங்களுக்கு எத்தனை ஆட்டங்களுக்கு ஸ்கவுட் கொடுத்தார்? அணியின் முன்னால் நின்று நீங்களே பேசினீர்களா? டைம்-அவுட்டில் நீங்கள் ஏதாவது சொன்னால் கேட்டாரா? தோற்ற ஆட்டத்துக்கு மறுநாள் காலை அலுவலகம் எப்படி இருந்தது?’ என்று கேட்கட்டும். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில், பதிலுக்கு முன் வரும் மௌனத்திலும், நிறையத் தெரியும். இரண்டு ஆண்டும் துணி துவைத்து, சாப்பாடு வரவழைத்து, வேன் ஓட்டியதுதான் கதை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அந்த வேலைகள் எல்லாருக்கும் உண்டு. டென்னசியின் பாட் சம்மிட் 1974இல் 22 வயதில் தலைமைப் பயிற்சியாளர் ஆனபோது மாதச் சம்பளம் 250 டாலர், வேனை அவரே ஓட்டினார், சீருடையை அவரே துவைத்தார். அவரும் பட்டமேற்படிப்பு உதவியாளராகச் சேர வந்தவர்தான். ஆனால் அவர் கையில் அணியும் இருந்தது. உங்கள் மகளுக்கு வேனோடு சேர்த்து ஒரு ஸ்கவுட்டாவது கிடைக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். சிறிய கல்லூரிகளில் முழுநேர உதவிப் பயிற்சியாளருக்கு ஆண்டுக்கு முப்பது, நாற்பதாயிரம் டாலர் என்பது சாதாரணம். மூன்றாம் டிவிஷனில் பகுதிநேர வேலைகளே அதிகம். பெரிய கான்பரன்ஸ்களில், அதாவது தங்களுக்குள் ஆடும் கல்லூரிக் கூட்டமைப்புகளில், உள்ள கல்லூரிகளில் அது லட்சத்தைத் தாண்டிப் போகும். அரசுப் பல்கலைக்கழகங்களின் சம்பளங்கள் பெரும்பாலான மாநிலங்களில் பொது ஆவணம், நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இடைப்பட்ட தூரத்தைக் கடக்க எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகலாம், பலர் கடக்காமலே நல்ல வாழ்க்கை வாழ்கிறார்கள். பெண்கள் கூடைப்பந்துக்கு இப்போது கூட்டம் சேர்ந்திருக்கிறது. 2024இல் உங்கள் மாநிலத்தின் கிளீவ்லண்டில் நடந்த இறுதிப்போட்டியைத் தொலைக்காட்சியில் சுமார் 1.89 கோடிப் பேர் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஆண்கள் இறுதிப்போட்டியைவிட அது அதிகம். பணம் வரும்போது போட்டியும் வரும். 1972இல் கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த சட்டம் வருவதற்கு முன், பெண்கள் அணிகளின் பயிற்சியாளர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெண்கள். எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் இன்று பாதிக்கும் குறைவு. கூடைப்பந்தில் நிலைமை பரவாயில்லை, இன்னும் பெண்களே பெரும்பான்மை. அதைக் காப்பாற்ற உங்கள் மகளைப் போன்றவர்கள் உள்ளே வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

வீராங்கனைகளைத் தேர்ந்து அழைத்துவரும் வேலையில் அவளுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. ஜூலை மாதம் வந்தால் நாடு முழுவதும் பள்ளி வீராங்கனைகளின் கிளப் போட்டிகள் நடக்கும். ஒரே கூரையின் கீழ் ஏழெட்டுக் களங்கள், எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் ஆட்டம். சுவரோரமாக மடக்கு நாற்காலியில் கல்லூரிச் சட்டை போட்ட பயிற்சியாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். எல்லோரும் எறிகிற பெண்ணைப் பார்ப்பார்கள். நான் வெளியே அழைக்கப்பட்ட பெண்ணைப் பார்ப்பேன். பெஞ்சுக்கு வந்ததும் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொள்கிறாளா, உள்ளே போன பெண்ணுக்கு ஏதாவது சொல்கிறாளா என்று கவனிப்பேன். இரண்டாம் டிவிஷனில் ஒரு பெண்கள் அணிக்குப் பத்து முழு உதவித்தொகைக்குச் சமமான பணம்தான் அதிகபட்சம். அதைப் பங்குபோட்டுப் பதினான்கு பதினைந்து பேருக்குக் கொடுக்க வேண்டும். பாதி உதவித்தொகைக்கு ஒரு குடும்பம் ஏன் தங்கள் பெண்ணை அனுப்ப வேண்டும் என்று அந்தக் குடும்பத்திடம் உட்கார்ந்து பேச வேண்டும். விளையாட்டு தெரியாத, செலவை நினைத்துப் பயப்படுகிற, மகளைத் தூரமாக அனுப்பத் தயங்குகிற பெற்றோரிடம் எப்படிப் பேசுவது என்று உங்கள் மகளுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக உங்களோடு இருக்கிறாள்.

பழைய வேலைகளோடு இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. வீராங்கனைகள் கல்லூரி மாறுவது மிகவும் எளிதாகிவிட்டதால், பருவம் முடிந்ததும் யார் போகிறார்கள், யாரைக் கொண்டுவரலாம் என்று வசந்தகாலம் முழுவதும் தொலைபேசியிலேயே போகும். முதல் டிவிஷனில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் அளித்த உடன்பாட்டுக்குப் பின் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். இரண்டாம் டிவிஷனில் அந்த அனல் குறைவு. கற்றுக்கொள்ளத் தொடங்குகிறவளுக்கு அது நல்லதே. அங்கே இன்னும் பெரும்பகுதி நேரம் கூடைப்பந்தைப் பற்றியே பேசலாம்.

அவள் நிறத்திலும் உயரத்திலும் அங்கே அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். எதிரணி அரங்கத்துக்குப் போனால் வாசலில் நிற்பவர் இவளை மாணவ உதவியாளர் என்றோ முதலுதவிப் பணியாளர் என்றோ நினைக்கலாம். சிரித்துக்கொண்டே ‘நான் பயிற்சியாளர்’ என்று சொல்லிவிட்டு உள்ளே போகப் பழகிவிடுவாள். தமிழ்ப் பெண்களுக்கும் இந்த விளையாட்டுக்கும் தொடர்பில்லை என்று மட்டும் வீட்டில் யாரும் சொல்லாதீர்கள். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்திய அணியின் கேப்டனாக இருந்தவர், 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவருடைய ஆட்டக் காணொளிகளை மகளோடு சேர்ந்து பாருங்கள்.

கல்யாணம், குழந்தை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நவம்பர் முதல் மார்ச் வரை அவள் நேரம் அவளுடையதாக இருக்காது. நன்றி நவிலல் விடுமுறையில் பெரும்பாலும் போட்டி இருக்கும். பொங்கலன்று ஏதோ ஒரு பஸ்ஸில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பாள். தீபாவளி சில ஆண்டுகள் தப்பிக்கும். சில ஆண்டுக்கு ஒருமுறை ஊர் மாற வேண்டியிருக்கலாம், அதற்கு ஒத்துவரும் துணை வேண்டும். இதெல்லாம் கடினம், சமாளிக்க முடியாதது அன்று. அரிசோனாவின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த அடியா பார்ன்ஸ், 2021 தேசிய இறுதிப்போட்டிக்கு வந்தபோது அவருக்கு ஆறு, ஏழு மாதக் கைக்குழந்தை. இடைவேளையில் குழந்தைக்குத் தாய்ப்பால் எடுத்து வைத்துவிட்டுச் சற்றுத் தாமதமாகக் களத்துக்குத் திரும்பினார். தொலைக்காட்சியில் நாடு முழுவதும் அதைச் சொன்னார்கள், பல பெண் பயிற்சியாளர்கள் அன்றைக்கு நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தோம். அவரும் அரிசோனாவுக்கு முன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உதவியாளராக இருந்தவர். குடும்பத்தோடு இந்த வேலை நடக்குமா என்பதும் தலைமைப் பயிற்சியாளரைப் பொறுத்ததே. தன் உதவியாளரின் குழந்தை அலுவலகத்தில் தவழ்ந்தால் முகம் சுளிக்கிறவரும் உண்டு, தூக்கிக்கொண்டு ஆட்டக் காணொளி பார்க்கிறவரும் உண்டு.

இந்த இரண்டு வாரத்தில் எழுத்தில் வாங்க வேண்டியவை சில இருக்கின்றன. கட்டண விலக்கு வெளிமாநில மாணவர்களுக்கான கூடுதல் கட்டணத்துக்கும் கோடை வகுப்புகளுக்கும் சேர்த்தா? மற்ற கட்டணங்கள் யார் பொறுப்பு? தங்குமிடம், சாப்பாடு உண்டா? கோடை முகாம்களில் வேலை செய்தால் தனியாகப் பணம் தருவார்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, தலைமைப் பயிற்சியாளர் ஓராண்டில் போய்விட்டால் இரண்டாம் ஆண்டுப் படிப்பு தொடருமா? இதற்குப் பதிலை விளையாட்டுத் துறையிடமிருந்தும் பட்டமேற்படிப்புத் துறையிடமிருந்தும் தனித்தனியே மின்னஞ்சலில் வாங்கிவிட வேண்டும். எந்த முதுகலை என்பதையும் பாருங்கள். விளையாட்டு நிர்வாகம் என்று எல்லோரும் எடுப்பார்கள். உயிரியல் படித்தவள் உடற்பயிற்சி அறிவியல் பக்கம் போனால் கூடைப்பந்துக்கும் உதவும், பின்னாளில் மருத்துவத் துறைப் பக்கம் திரும்பினாலும் கைகொடுக்கும்.

2027ஆம் ஆண்டு பெண்கள் தேசிய அரையிறுதி, இறுதிப்போட்டிகள் உங்கள் கொலம்பஸில்தான் நடக்கின்றன. பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் சங்கத்தின் ஆண்டு மாநாடும் அதையொட்டியே நடக்கும். வேலைகளில் பாதி அந்த மாநாட்டுத் தாழ்வாரங்களில்தான் பேசி முடிகிறது. தங்கும் செலவில்லாமல் அவள் அங்கே போய் நிற்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கேள்விகள் எதையும் நீங்களோ உங்கள் கணவரோ அந்தக் கல்லூரிக்கு அழைத்துக் கேட்காதீர்கள். பெற்றோர் பேசினால் அவளை இன்னும் பள்ளி மாணவியாகவே பார்ப்பார்கள். உட்கார்ந்து அவளோடு சேர்ந்து பட்டியல் போடுங்கள், அழைப்பது அவளாக இருக்கட்டும். முன்னாள் உதவியாளர்கள் இருவரிடம் முதலில், தலைமைப் பயிற்சியாளரிடம் அதற்குப் பிறகு. பதில் சொல்லக் கூடுதலாக நான்கு நாள் வேண்டுமென்றால் அதையும் அவளே கேட்கட்டும், பெரும்பாலும் கொடுப்பார்கள்.